டப்பா மீன் சாறு

என்னோடு அறையில் தங்கியிருக்கும் பெண் போன வாரம் ஒரு மீன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதுல இருக்கிற தண்ணிய என்னக்கா பண்றது? கீழ ஊத்திரலாமா?" என்று கேட்டாள். ஊற்றிவிடு என்றேன். சத்தெல்லாம் போய்விடாதா என்றாள். போனால் போகட்டும் என்றேன். நான் சொன்ன விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை; முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாவம், அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. இதே கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரு நாள் மூன்று பெரியவர்கள் மூன்று பதில் சொன்னார்கள். உருப்படியான பதிலைச் சொன்னவள் என் அம்மா. அதனால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. கொல்லிமலையில் வளப்பூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்போம்), பஸ் நிற்கும் இடத்திலிருந்து கால்மணி நேரம் இறங்கி நடந்தால் எங்கள் வீடு. மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பின்பக்கம் மரவள்ளி, சரிவில் ஏழு பலாமரங்கள். அப்பாவுக்கு மற்ற விவசாயத்தில் பெரிய பேர் கிடையாது. பலாவில் உண்டு. மரத்தில் தொங்கும் காயைச் சூரிக்கத்தியின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டி, இது நாளைக்கு, இது நாலு நாள் கழித்து என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பாது. வியாபாரிகள்கூட அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தட்டச் சொல்லித்தான் லாரியில் ஏற்றுவார்கள்.

அந்த வித்தையை எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். காய் டொக் டொக் என்று கெட்டியாகப் பேசும். பழுத்தது பொத்தென்று உள்ளே இடம் இருக்கிற மாதிரி பேசும். தோல் உப்பி முள் விரிந்திருக்கும். நான் தட்டிச் சொன்னது நாலைந்து தடவை சரியாக வந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என்னவிட எம் புள்ளைக்குக் காது சுத்தமுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்கும் கர்வம் ஏறிப்போனது. பூசணி, தேங்காய், தண்ணீர்க்குடம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் அத்தை எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றாள். அப்பாவின் ஒரே தங்கை. சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லாமல் போனதால் அப்பாதான் அவளை வளர்த்து, குண்டனி நாட்டில் கட்டிக்கொடுத்தார். ஆகவே தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. எனக்குத் தலை சீவிவிடுவது, பேன் பார்ப்பது, அம்மாவிடம் அடி விழும்போது குறுக்கே வந்து நிற்பது எல்லாம் அத்தைதான். ஒரு மிட்டாய் கிடைத்தாலும் பாதியைக் கடித்து எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் தின்பாள். அவள் கல்யாணமாகிப் போன அன்று நான் ஜீப்பின் பின்னாலேயே ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். இப்போதும் தழும்பு இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பெற்று மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். வந்தவளுக்குப் பால் இல்லை. குழந்தை வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழும். பக்கத்துத் தோட்டத்தில் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு பெண் காலையும் மாலையும் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். பால் தானாக இறங்கும், குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டே இருங்கள் என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கு அவ்வளவு பொறுமை? ஐந்தாம் நாள் குழந்தையின் அழுகையே மெலிந்து பூனைக்குட்டி முனகுவது போல ஆகிவிட்டது. "எம் புள்ள பட்டினி கெடந்தே செத்துரும் போலருக்குது நங்கை" என்று அத்தை அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்கள் பக்கத்தில் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவது. அந்த அழுகையைக் கேட்கமுடியாமல் நான் காதைப் பொத்திக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்றால் பால்சுறாக் கருவாட்டைக் கொதிக்கவைத்துச் சாறு கொடுப்பார்கள். அந்தக் கருவாடு கீழே சமவெளியிலிருந்து வரவேண்டும். மழையில் ஒரு வளைவில் மண் சரிந்து மூன்று நாளாக பஸ் மேலே வரவில்லை. கருவாட்டுக்காரரும் வரவில்லை.

வந்தது மாமா. அத்தையின் வீட்டுக்காரர். மலேசியாவில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை. பிள்ளை பிறந்த சேதி கேட்டு விமானம் ஏறியவர், மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரை பஸ்ஸிலும், அங்கிருந்து ஜீப்பிலும், மண் சரிந்த இடத்தைக் காலால் ஏறியும், தலையில் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். பெட்டியில் ஒரு கம்பளி, மிட்டாய், தைலம், எட்டு மீன் டப்பா.

எட்டையும் அப்பா வரிசையாக அடுக்கி வைத்தார். மீன் படம் போட்ட காகிதம் ஒட்டிய தகர டப்பாக்கள். பெட்டி எங்கேயோ விழுந்திருக்க வேண்டும். இரண்டு மூன்றில் விளிம்பு நசுங்கியிருந்தது. மாமா குளிக்கப் போயிருந்தார். அப்பா ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே தண்ணீர் குலுங்கியது. அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அந்த வாரத்தில் பார்க்கவே இல்லை.

"உள்ளார சாறு இருக்குது. கருவாட்டுச் சாறே பால் ஊறும்னா, இது நேரா மீனோட சாறு" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுல நல்லதா ஒண்ணு எடு கண்ணு. அத்தைக்கு."

அத்தைக்கு என்றதும் நான் விளையாட்டையெல்லாம் விட்டுவிட்டேன். எட்டு டப்பாவையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். ஏழு டப்பா டொக்கென்று கெட்டியாகப் பேசின. மூடியும் தட்டையாக இருந்தது. எட்டாவது பொத்தென்றது. அதன் மேல்மூடியும் அடிமூடியும் வயிறு நிறைந்த மாதிரி வெளியே உப்பியிருந்தன, அழுத்தினால் அமுங்கவில்லை. "இதுதாம்ப்பா. இதுதான் பழுத்தது" என்று நீட்டினேன். அப்பா தானும் இரண்டு தட்டுத் தட்டினார். "எம் புள்ள காது காதுதான்" என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

அரிவாள் நுனியால் மூடியில் ஒரு குத்துக் குத்தினார். புஸ்ஸென்று சத்தம். நுரையோடு சாறு பீறிக்கொண்டு வந்து அப்பாவின் கையில் வழிந்தது. நாற்றம் ஒன்றும் பெரிதாக இல்லை, மீன் வாடைதான். அம்மா ஒரு அடி பின்னால் போனாள். அப்பாவோ பானையில் பால் பொங்கினால் எப்படிச் சந்தோஷப்படுவாரோ அப்படிச் சந்தோஷப்பட்டார். "பாரு, பொங்குது! நல்ல சகுனந்தான்" என்றார். நான் கை தட்டினேன்.

குளித்துவிட்டு மாமா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தபோது மூடி பாதி அறுபட்டிருந்தது. மீன் துண்டுகளை அம்மா குழம்புச் சட்டிக்கு எடுத்துக்கொண்டாள். சாற்றை என்ன செய்வது என்ற பேச்சு அப்போதுதான் வந்தது. அம்மாவுக்கு அது மீன் கழுவிய தண்ணீர் மாதிரிதான். எங்கள் வீட்டில் மீன் கழுவிய தண்ணீரை முருங்கையின் அடியில் ஊற்றுவது வழக்கம். "எப்ப அடைச்சதோ என்னமோ, முருங்கைக்கு ஊத்திரலாமுங்க" என்றாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில், சரி, கொதிக்கவாவது வைக்கிறேன் என்று அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

மாமா சிரித்தார். "கொதிக்க வெச்சா சத்தெல்லாம் ஆவியாப் போயிரும் நங்கை. கம்பெனியிலயே வேகவெச்சுத்தான் அடைக்கறாங்க. நாங்கெல்லாம் தோட்டத்து லயத்து வீட்டுல அப்படியேதான் குடிக்கறோம். எனக்கு ஏதாச்சும் ஆச்சா?"

வெளிநாடு போய்வந்தவர் சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவது? அம்மா டம்ளரை எடுத்துக் கொடுத்துவிட்டுக் குழம்பைக் கவனிக்கப் போனாள்.

அரை டம்ளர் இருந்தது. நான்தான் கொண்டுபோவேன் என்று அடம்பிடித்து, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு பாதி குடித்தாள். வழக்கம்போல மீதியை என் பக்கம் நீட்டினாள். "நீயும் ஒரு வாய் குடி சாமி." நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். நாற்றத்துக்காக இல்லை. ஒரு வாய் குறைந்தால் அந்த அளவுக்குப் பால் குறைந்துவிடுமே என்று நினைத்தேன். "எல்லாத்தையும் நீயே குடி அத்தே" என்று அவள் கையைப் பிடித்து வாயருகே கொண்டுபோனேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

மத்தியானம் எல்லோரும் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். சாயங்காலம், குழந்தையைப் பார்க்கத் தன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதாக மாமா குண்டனி நாட்டுக்குப் புறப்பட்டுப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் அத்தைக்குப் பால் வந்துவிட்டது. நர்ஸ் சொன்னதுபோல ஆறாம் நாள் தானாக இறங்கிய பால்தான் அது என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அதை யார் சொல்லியிருந்தாலும் அடித்து விரட்டியிருப்போம். சேலை முன்பக்கம் நனைந்து, குழந்தை வாய் வழியக் குடித்துவிட்டுத் தூங்கியது. அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தார். "எங்கண்ணு எடுத்துக் குடுத்த டப்பா! எங்கண்ணு எடுத்துக் குடுத்த டப்பா!" மழை தூறிக்கொண்டிருந்தது. அதைவிடச் சந்தோஷமான ஒரு காலை எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

வெயில் ஏறியதும் அத்தை, "ஏனுங்க நங்கை, எனக்குப் புள்ள ரெண்டாத் தெரியுது" என்றாள். அம்மா சிரித்தாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். தூக்கமில்லாத கண், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்றார்கள். தூங்கி எழுந்தபோது இமை மேலே ஏறவில்லை. சாயங்காலம் பேச்சு மூக்கால் வந்தது. அடுத்த நாள் காலையில் கொடுத்த கஞ்சி தொண்டைக்குள் போகாமல் மூக்கு வழியாக வெளியே வந்தது.

பிள்ளை பெற்றவளைக் காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்று பக்கத்தில் யாரோ சொல்ல, மந்திரிக்கிறவரை அழைத்து வந்து கயிறு கட்டினார்கள். அதில் ஒரு முழுக் காலைப்பொழுது போயிற்று. கை தூக்கமுடியாமல் போன பிறகுதான் அப்பா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். மண் சரிந்த இடத்தில் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி எடுத்திருந்தார்கள்.

கட்டிலோடு தூக்கும்போது அத்தைக்கு நல்ல நினைவு இருந்தது. எல்லாம் அவளுக்குத் தெரிந்தது, கேட்டது, சொல்லத்தான் முடியவில்லை. அவள் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கண்ணைத் திறந்துவிடச் சொல்கிறாள். அம்மா இரண்டு விரலால் அவள் இமையை மேலே தூக்கிப் பிடித்தாள். இன்னொரு பெண் குழந்தையை முகத்துக்கு நேராகக் காட்டினாள். அத்தை பார்த்தாள். அம்மாவின் விரல் நழுவி இமை மூடிக்கொண்டதும் மறுபடியும் தூக்கிப் பிடிக்கச் சொல்லி முனகினாள். அப்படி இரண்டு தடவை.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூச்சுக்கு இயந்திரம் வைத்தார்கள். டாக்டர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை, எல்லாம் தாமதமாகிவிட்டது. மூன்றாம் நாள் செத்துப்போனாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

நர்ஸிங் படிப்பின் இரண்டாம் வருடத்தில், பாடப்புத்தகத்தில் இதற்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். காற்றுப் புகாத டப்பாவுக்குள் வளரும் ஒரு கிருமி. அது உண்டாக்கும் வாயுவால் டப்பா உப்பும். அதன் விஷம் இமையில் ஆரம்பித்துக் கீழே இறங்கி மூச்சுத் தசையில் முடிக்கும். நன்றாகக் கொதிக்கவைத்தால் அந்த விஷம் அழிந்துவிடும் என்று கடைசியில் ஒரு வரி. அதே டப்பாவின் மீனைக் கொதித்த குழம்பில் தின்ற நாங்கள் நான்கு பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்ததற்குக் காரணம் அந்த ஒரு வரி. நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தேன். வகுப்பில் எல்லோரும் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்தார்கள்.

அத்தையின் உடலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. நேராகக் குண்டனி நாட்டுக்குப் போனது. நாங்கள்தான் அங்கே போனோம். அம்மா கையில் குழந்தை. பந்தலில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அத்தை இனி வரமாட்டாள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை. புதுச் சேலை கட்டிப் படுத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

மாமா எழுந்து வந்து அப்பாவின் முன்னால் நின்றார். சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அவர் முன்னால் டாக்டர் விசாரித்தபோது, ஒரு டப்பா உப்பலாக இருந்தது என்று அம்மா வெகுளியாகச் சொல்லியிருக்கிறாள். அதிலிருந்து மாமாவுக்கு அந்த ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

"உப்புன டப்பாவ நாய்க்குக்கூடப் போடமாட்டாங்க மச்சான். நான் கண்ணால பாத்திருந்தா அங்கயே தூக்கி வீசியிருப்பேன். எட்டு இருந்துச்சே. மிச்சம் ஏழு நல்லா இருந்துச்சே. அந்த எழவெடுத்தத எடுத்தது யாரு?"

கொதிக்கவைக்க வேண்டாம் என்று யார் சொன்னது என்று அப்பா திருப்பிக் கேட்டிருக்கலாம். அம்மாகூட அதைச் சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவள் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாந்தானுங்க மாப்ள எடுத்தேன்" என்றார். "பெரிசா இருக்குதேன்னு ஆசப்பட்டு, நாந்தான் தட்டிப் பாத்து எடுத்தேன். வேற ஆரும் அதத் தொடல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தைக்குப் பால் வரவைத்த டப்பா அது. எட்டையும் கண்ணை மூடித் தட்டிப் பார்த்து நான் கண்டுபிடித்தது. ஊரே கூடியிருக்கிற இடத்தில் இவர் தான் எடுத்ததாகச் சொல்கிறாரே! கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நடுவில் நின்று கத்தினேன்.

"பொய்யி! நாந்தான் எடுத்தேன் மாமா! அப்பா பொய் சொல்றாங்க! நான் எடுத்த டப்பாலதான் அத்தைக்குப் பாலே வந்துச்சு!"

அப்பா என்னை அதுவரை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. கன்னத்தில் விழுந்த அறையில் நான் அம்மாவின் காலடியில் போய் விழுந்தேன். "அத்தை மேல பாசமுங்க. என்னமோ ஒளறுது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அம்மா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

மாமா அம்மாவின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். கொன்றவன் வீட்டு வாசற்படியை இந்தக் குழந்தை மிதிக்காது, நீங்களும் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். தங்கையின் முகத்தை மூடும்வரை இருக்கக்கூட அவரை விடவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து இப்போது எங்கேயோ வேலைக்குப் போகிறானாம். நாங்கள் யாரும் அவனைப் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியில் அப்பா என்னைத் தூக்கிக்கொள்ள வந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு அம்மாவின் பக்கம் போய் நடந்தேன். கன்னத்தின் வீக்கம் இரண்டு நாளில் வற்றிவிட்டது. நான் செய்ததைத் தான் செய்ததாக ஊர் முன்னால் சொல்லி என் பேரைத் தட்டிப் பறித்துக்கொண்டாரே என்கிற கோபம்தான் ஆறவில்லை. தீபாவளி வரைக்கும் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.